முப்பதாம் பாடத்தில் நின்றவள்: ஜப்பானிய மொழி, தமிழ், நடுவில் ஆங்கிலம்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகள் பெரம்பலூர் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வருடமாகத் தானாகவே ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாள். கையில் ‘மின்னா நோ நிஹோங்கோ’ இரண்டாம் புத்தகம். அதில் முப்பதாம் பாடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறாளாம்.

“மாமா, நீங்கதான் இங்கிலீஷ் நல்லாப் படிப்பீங்களே, இதைக் கொஞ்சம் பாருங்க. நாலு தடவை படிச்சுட்டேன், ஒண்ணும் ஏறல.”

எனக்கும் அந்தப் புத்தகம் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஜப்பானியர்களை அவர்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில் முதல் புத்தகத்தை வாங்கி, பதினெட்டாம் பாடத்தோடு மூடி வைத்தவன் நான். ஆங்கில விளக்கத்தைப் பார்த்தேன். வரப்போகும் ஒரு தேவைக்காக ஒரு செயலை முன்கூட்டியே செய்து முடிப்பது என்கிற மாதிரி சில வரிகள். தவறு ஒன்றும் இல்லை. ஆனால் படித்தால் சட்ட விதி போல இருந்தது.

எடுத்துக்காட்டாக நானே ஒரு வாக்கியம் சொன்னேன்: ‘கிப்பு ஒ கத்தெ ஒக்கு’. கிப்பு என்றால் டிக்கெட்.

“கத்தென்னா என்ன?”

“வாங்கி.”

“ஒக்கு? தனியா வந்தா?”

“வைக்கிறது. மேசை மேல வைக்கிறதுக்கெல்லாம் அதுதான்.”

“இப்ப சேர்த்துச் சொல்லு.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “டிக்கெட் வாங்கி வை. அட, இவ்ளோதானா?”

இவ்வளவுதான். ‘நாளைக்கு விருந்தாளி வர்றாங்க, பால் வாங்கி வை’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே ‘வை’. அதே பொருள், அதே வரிசை. அதற்கு முந்தைய பாடத்தையும் இன்னும் வராத பத்துப் பாடங்களையும் அவளே புரட்டிப் பார்த்து, மாலைக்குள் ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டாள். 

அவள் போன பிறகு என்னை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மேடையில் பேசுகிறோம், வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். அப்படியிருந்தும் செந்துறையில் உட்கார்ந்து படிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு வரி ஏன் போய்ச் சேரவில்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

புத்தகம் வந்த வழி

முதலில் புத்தகத்தின் கதை. 1959இல் ஜப்பானில், வளரும் நாடுகளிலிருந்து வரும் தொழில்நுட்பப் பயிற்சியாளர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஏ.ஓ.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொழிற்சாலைகளில் சில மாதங்கள் பயிற்சி பெற வருபவர்களுக்கு முதலில் கொஞ்சம் பேச்சு வேண்டுமே. அதற்காக 1970களில் ‘நிஹோங்கோ நோ கிசோ’ என்ற பாடநூல் வந்தது. பொருள் ‘ஜப்பானிய மொழியின் அடிப்படை’. 1990இல் அதன் புதிய வடிவம். அதிலிருந்து கிளைத்து, பயிற்சியாளர் அல்லாத மற்றவர்களுக்கும் பொருந்தும்படி 1998இல் வந்ததுதான் ‘மின்னா நோ நிஹோங்கோ’. ‘எல்லோருக்குமான ஜப்பானிய மொழி’ என்று சொல்லலாம். இரண்டாம் பதிப்பு 2012இல் வரத் தொடங்கியது. தொடக்கநிலையில் இரண்டு புத்தகங்கள், ஐம்பது பாடங்கள். முதல் புத்தகத்தை முடித்தால் என்5 தேர்வு, இரண்டையும் முடித்தால் என்4 என்பது படிப்பவர்களிடையே உள்ள கணக்கு.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அப்படி ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்கள் சென்னையில் ஒன்றுசேர்ந்து நடத்தும் அமைப்புதான் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய். ‘தோசோகாய்’ என்றால் முன்னாள் மாணவர் சங்கம். பல ஆண்டுகளாக அங்கே ஜப்பானிய வகுப்புகள் நடக்கின்றன.

இந்தப் புத்தகத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். காரணம் எளிது. ஒரே வகுப்பில் தாய்லாந்துக்காரரும் பிரேசில்காரரும் இந்தோனேசியரும் உட்கார்ந்திருப்பார்கள். யார் மொழியில் விளக்குவது? ஆகவே ஆசிரியர் ஜப்பானிய மொழியிலேயே பேசிக் காட்டிச் சொல்லித் தருவார். மொழிபெயர்ப்பும் இலக்கண விளக்கமும் தனிப் புத்தகமாகப் பல மொழிகளில் கிடைக்கும். புத்தகத்தில் வரும் மனிதர்களும் பல நாட்டவர்தான். அமெரிக்காவிலிருந்து வந்த மில்லர் முக்கியமானவர், இந்தியாவிலிருந்து குப்தா என்று ஒருவரும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதிய விளக்கம் யாருடைய தாய்மொழி இலக்கணத்தின் மேலும் சாய்ந்துகொள்ள முடியாது. அதைத் தாய்லாந்து மொழி பேசுபவர் படித்தாலும் தமிழர் படித்தாலும் ஒரே விளக்கம்தான். இதில் நாம் ஆங்கில விளக்கத்தை வாங்கிப் படிக்கிறோம். அதாவது நம் வீட்டிலேயே இருக்கும் ஒரு பொருளை, அது இல்லாத ஊரில் இருப்பவருக்கு எப்படி விளக்குவார்களோ அப்படி விளக்கிக் கேட்கிறோம்.

ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போவது

கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். (ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஒலி சரியாக வராது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

‘வத்தாஷி வ ஹோன் ஒ யோமிமஸ்’. நான், புத்தகத்தை, படிக்கிறேன். வினை கடைசியில். ‘ஒ’ நம் ‘ஐ’ செய்யும் வேலையைச் செய்கிறது. நம் வேற்றுமை உருபைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘நி’ என்றால் பெரும்பாலும் ‘-க்கு’. ‘கரா’ என்றால் ‘-இலிருந்து’. ‘மதே’ என்றால் ‘வரை’. அரியலூர் கரா, பெரம்பலூர் மதே. ஆங்கிலத்தில் இவை எல்லாம் பெயருக்கு முன்னால் போய்விடும்.

‘மோ’ நம் ‘உம்’. வத்தாஷி மோ: நானும். ‘தாரே’ என்றால் யார்; ‘தாரே மோ’ என்று சொல்லி எதிர்மறை வினை போட்டால் ‘யாரும் வரவில்லை’. ‘தாரே கா’ என்றால் ‘யாரோ’. கேள்விக்கு வாக்கியத்தின் கடைசியில் ‘கா’ சேர்த்தால் போதும். நாம் ‘வர்றீங்களா’ என்று ‘ஆ’ சேர்க்கிற மாதிரி.

முதல் புத்தகத்தின் இருபத்திரண்டாம் பாடத்தில் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறுவார்கள். பெயருக்கு முன்னால் ஒரு முழு வாக்கியத்தையே அடைமொழியாக வைக்கும் பாடம் அது. ‘கினோ கத்தா ஹோன்’. நேற்று, வாங்கிய, புத்தகம். நமக்கு இது பெயரெச்சம், பள்ளியிலேயே படித்தது. ஆங்கிலத்திலோ புத்தகத்தை முதலில் சொல்லி, ஓர் இணைப்புச் சொல் போட்டு, நேற்று வாங்கியதைப் பின்னால் சொல்ல வேண்டும். ஜப்பானிய வாக்கியத்தை மனதில் ஆங்கிலமாகத் திருப்பிப்போட்டு, மறுபடி தமிழாகத் திருப்பிப்போட்டுப் புரிந்துகொள்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை கவிழ்த்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். அதைக் கவிழ்க்காமலே விட்டிருக்கலாமே!

‘குரு தோ இத்தா’ என்றால் ‘வருவேன் என்று சொன்னான்’. அந்தத் ‘தோ’ அப்படியே நம் ‘என்று’. 

எல்லாவற்றிலும் பெரிய சொத்து பதினாலாம் பாடத்தில் தொடங்கும் ‘தெ’ வடிவம்தான். அது நம் வினையெச்சம்: செய்து, வந்து, சாப்பிட்டு. அதன் பின்னால் ஒரு துணைவினை வரும்.

தாபெத்தெ மிரு: சாப்பிட்டுப் பார். (மிரு, பார்.)
தாபெத்தெ ஷிமத்தா: சாப்பிட்டுவிட்டேன்.
கத்தெ ஒக்கு: வாங்கி வை.
கத்தெ குரு: வாங்கிட்டு வர்றது. (குரு, வா.)

ஆங்கிலத்தில் முதலாவதற்கு முயற்சி செய்வது என்ற சொல்லைத் தேட வேண்டும். இரண்டாவதற்கு முழுக்க முடிந்துவிட்டது, அல்லது வருந்தத்தக்க விதத்தில் முடிந்துவிட்டது என்று நீட்ட வேண்டும். நாம் ‘கண்ணாடி உடைஞ்சிடுச்சு’ என்று சொல்லும்போது அந்த வருத்தமும் முடிவும் ‘விடு’ என்ற ஒரே துணைவினையில் அடங்கிவிடுகின்றன. ஜப்பானியத்திலும் அதே கதை. பார், விடு, வை, வா என்று தமிழ் தேர்ந்தெடுத்த துணைவினைகளில் பலவற்றுக்கு நேராகவே அங்கே ஒன்று இருப்பதைப் பார்க்கும்போது யாருக்குமே ஒரு சிலிர்ப்பு வரும்.

அந்தச் சிலிர்ப்பு ஜப்பானில் ஒருவருக்கு வந்தது. அவர் அதோடு விடவில்லை.

எதிர்த்திசையில் ஒரு மாணவர்

சுசுமு ஓனோ 1919இல் பிறந்தவர். கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய ஜப்பானிய மொழியில் அவர் அந்நாட்டின் முதல்வரிசை அறிஞர். 1974இல் வெளிவந்த இவானாமி பழஞ்சொல் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். ஜப்பானிய மொழி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இளமையிலிருந்தே சுமந்தவர். 1957லேயே அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அதில் தமிழ் இல்லை.

தமிழ் அவரிடம் வந்தது அறுபது வயதை ஒட்டி. ஜப்பானியத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஜப்பானில் வேறு சிலரும் முன்பே எழுதியிருந்தார்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961லேயே வந்திருந்தது. ஓனோ அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு மொழிக் குடும்பத்து மொழி, வேறு எழுத்து, அதிலும் சங்கத் தமிழ். தொடக்கப் பாடநூலை விரிக்கிற எந்த மாணவரின் நிலையும் இதுதான். ஓய்வுபெறும் வயதில் அவர் அந்த வேலையை ஆரம்பித்தார்.

1980இல் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள ஒலி ஒப்புமை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தமிழ் அறிஞர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். சென்னையில் பொற்கோ, பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். யாழ்ப்பாணத்திலிருந்து அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர். இருவரும் டோக்கியோவில் கக்குஷுயினில் இருந்து ஓனோவோடு பணிசெய்தார்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொகுப்பான ‘மன்யோஷு’வின் காதற்பாடல்களை மனோன்மணி நம் அகப்பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லியே ஆகவேண்டும். புத்தகத்தில் கொரே, சொரே, அரே, தொரே என்று நான்கு சொற்கள் வரும். கொரே என்றால் என் பக்கத்தில் இருப்பது, சொரே கேட்பவர் பக்கத்தில் இருப்பது, அரே இருவருக்கும் தூரத்தில் இருப்பது, தொரே கேள்வி. இது, அது, எது என்று மூன்றுதான் நம்மிடம் இருக்கிறது. ஒன்று குறைகிறதே என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் அது நாம் தொலைத்தது. தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘உது’, ‘உவர்’ என்று அந்த ‘உ’ இன்றைக்கும் வாழ்கிறது, கேட்பவரை ஒட்டியிருப்பதைச் சுட்ட. இது, உது, அது, எது. நாலுக்கு நாலு சரியாகிவிட்டது! அந்தப் பாடத்தைப் பெரம்பலூர்க்காரனைவிட யாழ்ப்பாணத்துக்காரர் சீக்கிரம் புரிந்துகொள்வார்.

ஓனோ சொற்களோடு நிற்கவில்லை. ஏறக்குறைய 500 சொற்களுக்கு ஒப்புமை காட்டினார். அவர் காட்டிய இணைகளில் ஒன்று, சேற்றைக் குறிக்கும் நம் ‘தம்பல்’, வயலைக் குறிக்கும் ஜப்பானிய ‘தம்போ’. ஜப்பானின் வடபகுதியில் ஜனவரி 15ஐ ஒட்டி நடக்கும் சிறு புத்தாண்டுச் சடங்கில் ‘ஹொங்கரா’ என்பது போல ஒரு கூவல் உண்டு. ஜப்பானிய ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’வாக இருந்தது. ஆகவே இது நம் ‘பொங்கலோ பொங்கல்’ என்றார். கி.மு. காலத்தில் நெல்லும் உலோகமும் நெசவும் தமிழ் பேசியவர்களோடு கடல்வழி ஜப்பானுக்குப் போயிருக்க வேண்டும் என்பது வரை போனார். பின்னாட்களில், இரண்டும் ஒரே குடும்பம் என்பதைவிட, தமிழின் தாக்கத்தால் உருவான கலப்பு என்ற பக்கம் அவர் கருத்து நகர்ந்தது. 2008இல் காலமாகும் வரை இந்தக் கொள்கையை அவர் விடவில்லை.

ரத்த உறவுக்கு என்ன சான்று?

நமக்கு இனிக்கும் செய்திதான். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஜப்பானிலேயே முராயாமா ஷிச்சிரோ, தமிழ் அறிந்த யமஷிதா ஹிரோஷி முதலியோர் கடுமையாக மறுத்து எழுதினார்கள். ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெரம்பலூரும் அரியலூரும் உடன்பிறப்புகள் என்பதற்கு அரசாணையே இருக்கிறது. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. மொழிகளுக்கு அரசாணை கிடையாது. அவற்றின் பிறப்புச் சான்றிதழ் ஒழுங்கான ஒலி ஒப்புமைதான். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பூ, ஹூ. பல்லி, ஹல்லி. பொருளும் மாறவில்லை, விதியும் மாறவில்லை. ‘ப’ வந்தால் ‘ஹ’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 

ஓனோவின் பட்டியலில் இந்த இறுக்கம் இல்லை என்பதுதான் விமர்சனம். பொருளைத் தாராளமாக நீட்டிக்கொண்டால் எந்த இரண்டு பெரிய அகராதிகளுக்கு நடுவிலும் சில நூறு இணைகள் கிடைக்கும். இன்னொன்று, தமிழை மட்டும் எடுத்து ஒப்பிடுவது போதாது. கன்னடம், தெலுங்கு, கோண்டி, குடுக்கு எல்லாவற்றையும் வைத்து மீட்டெடுத்த மூலத் திராவிடத்தோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? தொல்லியல்படி ஈர நெல் வேளாண்மை சீனத்திலிருந்து கொரியத் தீபகற்பம் வழியாக ஜப்பானுக்குப் போனது.

ஒரு நல்ல எச்சரிக்கை எடுத்துக்காட்டு: ஜப்பானியத்தில் ‘இரு’ என்று ஒரு வினை இருக்கிறது, பொருளும் ‘இருப்பது’தான். பத்தாம் பாடத்தில் அதைப் பார்த்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் அதன் பழைய வடிவம் ‘விரு’ போல ஒலிக்கும். முன்னால் இருந்த வகர ஒலி பின்னாளில் தேய்ந்துபோனது. இன்றைய இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது.

இலக்கண ஒற்றுமை? அது உண்மை. ஆனால் வினை கடைசியில் வருவது, உருபு பின்னால் ஒட்டுவது, பெயரெச்சம் முன்னால் வருவது எல்லாம் கொரியத்திலும் துருக்கியிலும் மங்கோலியத்திலும் உண்டு. 1905லேயே ஹோமர் ஹல்பர்ட் என்பவர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு சியோலில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே மாதிரி வீடு கட்டியவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள்.

இங்கேதான் நான் தேடிய பதில் ஓரளவு கிடைத்தது. ஒற்றுமை என்றதும் நாம் அதை உறவுக்குச் சான்றாக மட்டுமே பார்த்தோம். ஒரு பக்கம் ‘தமிழிலிருந்துதான் ஜப்பானியம் பிறந்தது’ என்று ஓனோவே சொல்லத் தயங்கியிருக்கக்கூடிய பெருமிதம். மறுபக்கம் ‘அது நிரூபணமாகவில்லை, எனவே பேசாதே’ என்ற புறந்தள்ளல். ஒற்றுமை உறவால் வந்ததோ தற்செயலோ, படிக்கிறவருக்கு அது பயன்படும் என்ற மூன்றாவது விஷயம் இந்தச் சண்டையில் கவனிக்கப்படாமலே போனது. ‘வாங்கி வை’ புரிவதற்கு மரபணுச் சோதனை வேண்டாமே!

உறவு கேட்காமல் வந்தவர்

நம் பகுதிக்கு இன்னொரு ஜப்பானியர் வந்தார். நொபோரு கராஷிமா, 1933இல் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் தமிழ் கற்றது கல்வெட்டு படிக்க. சோழர் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது என்பது அவர் கேள்வி. திருச்சிக்குப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, வெள்ளான் ஊரான அல்லூரில் நிலம் பொதுவாகவும், பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்களிடமும் இருந்ததைக் காட்டினார். 1978இல் எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை மூன்று தொகுதிகளாக அடைவு செய்தார். கணினி என்ற சொல்லே நமக்குப் புதிதாக இருந்த காலத்தில் கணினி வைத்துச் செய்த வேலை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் மற்ற ஜப்பானிய அறிஞர்களும் அன்றைய திருச்சி மாவட்டக் கிராமங்களில் நேரடியாக ஆய்வு செய்தார்கள். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர்தான். 2013இல் பத்மஸ்ரீ. 2015இல் மறைந்தார்.

கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பழுவூரும் திருமழபாடியும் அப்படியே. இந்தச் சுவர்களில் உள்ள தமிழைப் படிக்க, வெளியூர்க்காரர் ஒருவர் வேற்றுமை உருபிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். தமிழும் தன் மொழியும் சொந்தமா என்று அவர் ஆய்வு கேட்கவில்லை. மொழி அவருக்கு ஒரு வேலைக்கான கருவி. ஓனோவின் தாகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கா மகளின் நிலை கராஷிமாவின் நிலைதான். அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலையின் விவரம்: 2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன்’ என்ற புதிய விசா வகையைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தம் ஆனது. என்4 அளவு மொழித் தகுதி வேண்டும். முதியோர் பராமரிப்புக்குத் தனி மொழித்தேர்வும் திறன் தேர்வும் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் தவிர வேறு வருமானம் குறைந்த எங்கள் பக்கத்தில் இது சிறிய வாசல் இல்லை. வாசலில் எழுதியிருப்பது ஜப்பானிய மொழி. ஆனால் வாசல் வரை போகும் படிக்கட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில்தான். விழுந்த பிறகு ‘ஜப்பானிய மொழி கஷ்டம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தமிழும் காலை வாரும்

எல்லாம் சுலபம் என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் தமிழே நம்மைக் கவிழ்க்கும்.

முதலாவது எழுத்து. ‘கக்கி’ என்று நான் எழுதினால் அது ஜப்பானியத்தில் ஒரு பழம். அதே சொல்லில் நடுவில் உள்ள ஒலியை மென்மையாக்கினால் சாவி. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட நாம் ஒற்றை இரட்டிக்கிறோம். ஆனால் ஜப்பானியத்தில் இரட்டிப்பதே வேறு சொல்லாகிவிடும்: ஒற்றையாகச் சொன்னால் ‘வந்து’, இரட்டித்துச் சொன்னால் ‘வெட்டி’. ஆகவே உருபுக்கும் எச்சத்துக்கும் தமிழைப் பயன்படுத்துங்கள். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள். ஹிரகானா 46 எழுத்துதான், இரண்டு வாரத்தில் வந்துவிடும். முதலில் அதை முடித்துவிட்டுப் பாடத்துக்குப் போவது நல்லது.

இரண்டாவது, திணை. உயிருள்ளதற்கு ‘இரு’, உயிரற்றதற்கு ‘அரு’. நாம் உயர்திணை, அஃறிணை என்று பழகியதால் நாயையும் குருவியையும் அஃறிணையில் தள்ளிவிடுவோம். ஜப்பானியத்தில் நாய் மனிதரோடு சேரும். 

மூன்றாவது, ‘வ’வும் ‘கா’ (மெல்லொலியில்) என்ற எழுவாய் உருபும். தமிழில் எழுவாய்க்கு உருபே இல்லை. இங்கே நம் இலக்கணம் உதவாது. நிறைய வாக்கியங்களைக் கேட்டுத்தான் பழக வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கென அந்நாட்டு அரசு வைத்துள்ள 2136 காஞ்சி எழுத்துகளுக்கும் குறுக்குவழி கிடையாது. அது உட்கார்ந்து எழுதுகிற வேலை.

அக்கா மகள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். இடப்பக்கம் ஜப்பானிய வடிவம், வலப்பக்கம் எங்கள் ஊர்த் தமிழ். எழுத்துத் தமிழ்கூட இல்லை, வீட்டில் பேசுவது. ‘செஞ்சு பாரு’, ‘உடைஞ்சிடுச்சு’, ‘எடுத்து வை’. ஆங்கிலம் எங்கேயும் இல்லை. அவளுடைய தோழிகள் இரண்டு பேர் அதைப் படியெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 

டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையில் என்4 தேர்வு. முதல் நாள் காலையில் பெரம்பலூர் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்வதற்கென்றே ஒரு தொடர் உண்டு: ‘இத்தெ கிமஸ்’. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் கிடையாது, கிளம்புகிறேன் என்பது போல ஏதோ போட்டு வைப்பார்கள். இத்தெ, போய்ட்டு. கிமஸ், வர்றேன். வீட்டிலிருப்பவர்கள் ‘இத்தெ இரஷ்ஷாய்’ என்பார்கள். போய்ட்டு வாங்க.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைத்தான் சொன்னாள். என் மனைவிக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. அடுப்படியிலிருந்தே “சரி, போய்ட்டு வா” என்றாள்.